குண்டு பட்டுப் பிழைத்தவர்களின் வீடுகளில்

புதிதாக ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் போன் செய்து இரண்டு கேள்விகள் கேட்பேன். நாய் இருக்கிறதா, இருந்தால் நான் வரும்போது கட்டி வைப்பீர்களா? துப்பாக்கி இருக்கிறதா, இருந்தால் நான் வரும்போது பூட்டி வைப்பீர்களா? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் டெட்ராய்ட்டில் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிற பலரும் கேட்கிற கேள்விகள்தான். நாயைப் பற்றிக் கேட்டால் சிலருக்குக் குரல் மாறும், "அவன் யாரையும் கடிக்க மாட்டான்" என்பார்கள். துப்பாக்கியைப் பற்றிக் கேட்டதற்கு என்னிடம் யாரும் கோபப்பட்டதில்லை. "இருக்கு, படுக்கை அறையில இருக்கு, எடுத்துப் பூட்டிடறேன்" என்று, அடுப்பை அணைத்துவிடுகிறேன் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வார்கள்.

நான் கோயம்புத்தூரில் படித்துவிட்டு 2000-களின் தொடக்கத்தில் எச்-1பி என்ற வேலை விசாவில் இங்கே வந்தேன். அப்போது தமிழ்நாட்டிலிருந்து நிறைய பிசியோதெரபிஸ்டுகள் மிச்சிகனுக்கு வந்துகொண்டிருந்தார்கள். முதலில் மறுவாழ்வு மருத்துவமனையில் வேலை, பிறகு வீடுகளுக்குப் போகும் வேலை. மூட்டு மாற்றிக்கொண்ட பாட்டிகள், பக்கவாதம் வந்த பெரியவர்கள், இவர்களுக்கு நடுவே எப்போதும் சில இளைஞர்கள் இருப்பார்கள். வயது 19, 22, 25. குண்டு முதுகெலும்பில் பாய்ந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர்கள்.

செய்தியில் ஒரு துப்பாக்கிச் சூடு வந்தால் அந்த வாரம் நம் ஆட்கள் கூடும் பிறந்தநாள் விருந்தில் அதுதான் பேச்சு. "இந்த நாட்டுல ஏன் தடை பண்ண மாட்டேங்கறாங்க?" என்று ஒருவர், "நாமளும் ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாமா?" என்று இன்னொருவர். இரண்டும் நியாயமான பயத்திலிருந்து வருகிற கேள்விகள். ஆனால் அந்தப் பேச்சில் என் நோயாளிகள் வருவதே இல்லை. செத்தவர்களை எண்ணுகிறோம், சுட்டவனைப் பற்றிப் பேசுகிறோம், சட்டத்தைப் பற்றிச் சண்டை போடுகிறோம். சுடப்பட்டு, சாகாமல், இன்னும் பல வருஷம் சக்கர நாற்காலியில் வாழப்போகிறவன் எந்தக் கணக்கிலும் இல்லை. அவனைத் தினமும் பார்க்கிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

டெட்ராய்ட்டைப் பார்க்காதவர்களுக்கு ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1950-இல் இங்கே சுமார் 18.5 லட்சம் பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 6.39 லட்சம். 139 சதுர மைல் பரப்பு அப்படியே இருக்கிறது, ஆட்கள் மூன்றில் ஒரு பங்காகிவிட்டார்கள். 1950-இல் ஊருக்குள் ஏறக்குறைய 3 லட்சம் தொழிற்சாலை வேலைகள் இருந்தன. 2010-களின் தொடக்கத்தில் 30 ஆயிரம்கூட இல்லை. பேக்கார்டு கார் தொழிற்சாலை 1956-இல் மூடப்பட்டது. 35 லட்சம் சதுர அடிக் கட்டடம் அறுபது வருஷத்துக்கும் மேலாகச் சிதைந்து நின்று, 2024-இல்தான் பெரும்பகுதியை இடித்து முடித்தார்கள். என் நோயாளிகளின் தாத்தாக்கள் பலர் அலபாமா, ஜார்ஜியா, மிசிசிப்பி பக்கமிருந்து கார் கம்பெனி வேலைக்கு வந்த கறுப்பினத்தவர்கள். தாத்தாவுக்கு யூனியன் சம்பளம், பென்ஷன், சொந்த வீடு எல்லாம் இருந்தன. அப்பாவுக்கு அதில் பாதி கிடைத்தது. பேரனுக்கு அந்த வீடு மட்டும் மிச்சம், அதற்கு இரண்டு பக்கமும் காலி மனை.

2013 ஜூலையில் நகராட்சி திவால் மனு போட்டது. அதை ஒட்டி வெளிவந்த அறிக்கையில் இருந்த விவரங்களை மறக்க முடியவில்லை. தெருவிளக்குகளில் 40 சதவீதம் எரியவில்லை. கைவிடப்பட்ட கட்டடங்கள் சுமார் 78,000. அவசர அழைப்புக்குப் போலீஸ் வந்து சேரச் சராசரியாக 58 நிமிடம். நாட்டின் சராசரி 11 நிமிடம். அந்தச் சமயத்தில் பதவியில் இருந்த போலீஸ் தலைவர் ஜேம்ஸ் கிரெய்க், லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருக்கும் நல்ல குடிமக்களால் குற்றம் குறையும் என்று 2014-இல் வெளிப்படையாகவே சொன்னார். ஊரின் போலீஸ் தலைவரே அப்படிச் சொல்கிறார் என்றால், நீங்களே உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் மக்கள் காதில் விழும்.

டெட்ராய்ட்டின் கிராஷியட் சாலைக்கு உள்ளே தள்ளி ஒரு வீடு. சுடப்பட்டவன் பேரன். பார்த்துக்கொள்கிறவர் பாட்டி. சாப்பாட்டு அறை மேசையை எடுத்துவிட்டு அங்கே மருத்துவமனைக் கட்டில் போட்டிருந்தார்கள், மாடிப்படி ஏற முடியாதே. பாட்டி தன் ரிவால்வரைச் சமையலறை டிராயரில் வைத்திருந்தார். கொஞ்சம் பழகிய பிறகு மெதுவாகக் கேட்டேன், பேரனுக்கு இப்படி ஆன பிறகும் இதை வைத்திருக்க வேண்டுமா என்று. "பேபி," என்றார், அவர் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார், "பின்கதவை உடைச்சிட்டு இருக்கான்னு 911-க்கு அடிச்சேன். அவங்க வந்தப்போ விடிஞ்சிருந்தது. அன்னிக்கு ராத்திரி எனக்குத் துணையா இருந்தது இதுதான்." அதற்கு மேல் நான் அதைப் பற்றி வாதாடவில்லை. துப்பாக்கி வேண்டாம் என்று புறநகரிலிருந்து காரில் வருகிற நான் சொல்வது சுலபம். எங்கள் ஊரில் போலீஸ் சில நிமிடத்தில் வந்துவிடும்.

ஆனால் அந்த வீட்டில் நான்கு வயதுக் கொள்ளுப்பேத்தி ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். அதைப் பற்றிப் பேசினேன். போலீஸ் நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கிற கேபிள் பூட்டு ஒன்றை வாங்கிக் கொண்டுபோனேன். பாட்டிக்கு அது பிடிக்கவில்லை. ராத்திரியில் சாவி தேடி, கேபிளை உருவி, குண்டு போட்டு, அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார். சரி, அவர் சொல்வதிலும் அர்த்தம் இருந்தது. பொத்தான் எண்களை அழுத்தினால் உடனே திறக்கிற சின்ன இரும்புப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது, அதைக் கட்டில் பக்கத்தில் திருகு போட்டு இறுக்கிவிடலாம் என்று காட்டினேன். அதற்கு ஒத்துக்கொண்டார். இந்த ஊரில் நான் கற்றது இதுதான்: துப்பாக்கி வைத்திருப்பது சரியா தப்பா என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். குழந்தை கையில் அது கிடைக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று ஆரம்பித்தால் தொடரும்.

இனி நான் சொல்ல வந்த கொடுமைக்கு வருகிறேன். மறுவாழ்வு மருத்துவமனையில் இருந்தபோது அடுத்தடுத்த அறைகளில் இரண்டு இளைஞர்கள். இருவருக்கும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் அடி. ஒருவர் கார் விபத்தில் சிக்கியவர். மற்றவர் பெட்ரோல் பங்கில் நடந்த வாய்த்தகராறில் சுடப்பட்டவர். மிச்சிகனில் 1973-இல் அமலுக்கு வந்த கார் இன்சூரன்ஸ் சட்டப்படி, யார் மேல் தப்பு என்று பார்க்காமல், கார் விபத்தில் அடிபட்டவருக்கு வாழ்நாள் முழுவதும், உச்சவரம்பே இல்லாமல் மருத்துவச் செலவு கிடைத்துவந்தது. 2020 ஜூலைக்குப் பிறகுதான், பிரீமியம் குறைய வேண்டுமானால் குறைந்த வரம்பைத் தேர்ந்தெடுக்கலாம் என்று மாற்றினார்கள். விபத்துக்காரர் வீடு திரும்பும்போது வாசலில் சாய்தளம் கட்டியாகிவிட்டது. குளியலறையை இடித்து அகலமாக்கியாகிவிட்டது. சக்கர நாற்காலியோடு ஏறும் வேன் வந்தது. பார்த்துக்கொள்ள ஆளுக்குச் சம்பளம் வந்தது.

சுடப்பட்டவருக்கு எதுவும் இல்லை. 2014 ஏப்ரலில் மெடிக்கெய்டை, அதாவது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை, விரிவாக்கும் வரை, குழந்தை குட்டி இல்லாத ஏழை இளைஞனுக்கு இந்த மாநிலத்தில் ஒழுங்கான காப்பீடே கிடையாது. ஊனம் என்று அரசாங்கம் ஏற்று முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவர் போன வீட்டு வாசலில் ஐந்தாறு படிகள். தம்பியும் மாமாவும் நாற்காலியோடு சேர்த்துத் தூக்கினார்கள். குளியலறைக் கதவில் நாற்காலி நுழையவில்லை, ஈரத்துணியால் துடைத்துத்தான் குளியல். அம்மா வேலையை விட்டார். வாடகை பாக்கி விழுந்தது. ஒரே தண்டுவடம், ஒரே வயது, ஒரே ஆஸ்பத்திரி. காரில் அடிபட்டால் ஒரு வாழ்க்கை, குண்டில் அடிபட்டால் வேறு வாழ்க்கை. மெடிக்கெய்டு விரிந்த பிறகு ஆஸ்பத்திரிச் செலவு ஓரளவு கிடைக்கிறது. ஆனால் வீட்டைத் திருத்துவதற்கும், நாள் முழுக்கப் பார்த்துக்கொள்வதற்கும் கார் விபத்துக்காரருக்குக் கிடைப்பதில் ஒரு சிறு பங்குதான் இன்றும். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கொதிக்கிறது.

தண்டுவடம் அடிபட்டவர்கள் பெரும்பாலும் அந்த அடியால் சாவதில்லை. பின்னால் வரும் படுக்கைப் புண்ணாலும், சிறுநீர்த் தொற்றாலும், நுரையீரல் காய்ச்சலாலும், கிருமி ரத்தத்தில் பரவுவதாலும் சாகிறார்கள். சுடப்பட்டுப் பல வருஷம் கழித்து ஒருவர் அப்படிப் போனால் அது எந்தத் தலைப்புச் செய்தியிலும் வருவதில்லை. அதனால் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர் யாராவது இதைப் படித்தால், அடிபட்டது எதனால் என்றாலும் சரி, இவற்றை விடாமல் செய்யுங்கள். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றியோ முன்னால் சாய்ந்தோ பிட்டத்தின் அழுத்தத்தை எடுக்க வேண்டும். தினமும் கைக்கண்ணாடி வைத்துக் குதிகாலையும் வால் எலும்புப் பகுதியையும் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்பு, கறுத்த தோலில் என்றால் நிறம் ஆழ்ந்து சூடான இடம், அதுதான் புண்ணின் தொடக்கம்.

அடி நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே என்றால் இன்னொரு ஆபத்து உண்டு. திடீரென்று மண்டை வெடிக்கிற தலைவலி, முகம் சிவந்து வியர்வை, ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று ஏறுதல். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். சரியாகவில்லை என்றால் தாமதிக்காமல் 911. அவசரப் பிரிவில் சில சமயம் இதைச் சாதாரண ரத்த அழுத்தம் என்று நினைத்துவிடுவார்கள், அதனால் தண்டுவட அடியின் உயரத்தை எழுதிய சீட்டு பர்ஸில் இருக்கட்டும்.

அப்புறம், குண்டை எல்லா நேரமும் வெளியே எடுப்பதில்லை. எடுப்பதில் அதிக ஆபத்து என்றால் உள்ளேயே விட்டுவிடுவார்கள். ஆனால் மூட்டுக்குள் தங்கிய குண்டை எடுத்துவிடுவது வழக்கம், மூட்டு நீரில் ஈயம் கரைந்து ரத்தத்தில் சேரும். உள்ளே குண்டோ சிதறலோ இருப்பவர்கள் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காரணம் தெரியாத சோர்வு, வயிற்று வலி, மறதி வந்தால் கண்டிப்பாகக் கேளுங்கள். எம்ஆர்ஐ எடுக்கப் போகும்போது முதல் வேலையாகச் சொல்லிவிடுங்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டு நிதி ஒன்று மாநிலத்தில் இருக்கிறது. பல குடும்பங்களுக்கு அது இருப்பதே தெரியாது. ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரிடம் வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே விண்ணப்பத்தை வாங்கிவிட வேண்டும்.

சட்ட விஷயத்துக்கு வருகிறேன். டெட்ராய்ட் நகராட்சி தன் ஊருக்கென்று துப்பாக்கிச் சட்டம் போட முடியாது. 1990-இல் மாநிலம் போட்ட சட்டம் அந்த உரிமையை ஊராட்சிகளிடமிருந்து எடுத்துவிட்டது. எல்லாம் மாநிலத் தலைநகர் லான்சிங்கில் முடிவாக வேண்டும். அங்கே வடக்கு மிச்சிகன் காட்டுப்பகுதி உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஊரில் நவம்பர் 15, மான் வேட்டை தொடங்கும் நாள், நமக்குப் பொங்கல் மாதிரி. பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விடுகிற ஊர்கள் உண்டு. அப்பா மகனுக்குத் துப்பாக்கியைக் கொடுத்துப் பொறுப்பைக் கற்றுத்தருகிற நாள் அது. அவர்களிடமும் எனக்கு நோயாளிகள் இருந்திருக்கிறார்கள், நல்ல மனிதர்கள். கிராஷியட் பாட்டியின் ரிவால்வரும் இவர்களின் வேட்டைத் துப்பாக்கியும் ஒரே சட்டத்தின் கீழ் வருவதால்தான் இந்த விவாதம் இத்தனை வருஷமாக இழுக்கிறது.

2021 நவம்பர் 30-இல் இங்கே மிச்சிகனில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு ஊரின் உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் சுட்டு நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அந்தக் கைத்துப்பாக்கியை அவன் அப்பா வாங்கிக் கொடுத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. 2023 பிப்ரவரி 13-இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் லான்சிங் அசைந்தது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 2024 பிப்ரவரி 13 முதல் புதிய சட்டங்கள் அமலுக்கு வந்தன. கைத்துப்பாக்கிக்கு மட்டும் இருந்த, வாங்குகிறவரின் குற்றப் பின்னணியைப் பார்க்கும் சோதனை இப்போது எல்லாத் துப்பாக்கிக்கும் உண்டு. சிறுவர்கள் இருக்கும் அல்லது வரக்கூடிய வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும். பூட்டாமல் விட்டு, சிறுவன் கையில் அது கிடைத்து ஓர் உயிர் போனால், வைத்திருந்தவருக்கு 15 வருஷம் வரை சிறை. தனக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடும் என்று தெரிந்தால், குடும்பத்தாரோ போலீஸோ மருத்துவத் துறையினரோ நீதிமன்றத்தில் மனுக் கொடுத்து, அவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுக்க வைக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு மாணவனின் அப்பா, அம்மா இருவருக்கும் 2024 ஏப்ரலில் 10 முதல் 15 வருஷம் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இந்தச் சட்டங்களை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் என் நோயாளிகள் மேல் பாய்ந்த குண்டுகள் கடையில் சோதனை முடிந்து வாங்கிய துப்பாக்கியிலிருந்து வந்ததாக நான் கேட்டது அரிது. கார் கண்ணாடியை உடைத்துத் திருடியது, கைமாறிக் கைமாறி வந்தது, மைத்துனனுடையது. காரணமும் பெரும்பாலும் பெரிதாக இருக்காது. கடன் பாக்கி, ஒரு பெண், வண்டி நிறுத்தும் இடம், இன்ஸ்டாகிராமில் ஒரு வார்த்தை. கையில் துப்பாக்கி இல்லாவிட்டால் மூக்கு உடைந்து முடிந்திருக்க வேண்டிய சண்டைகள்.

அதனால்தான், சண்டையை ஆரம்பத்திலேயே அணைக்கிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை. சினாய்-கிரேஸ் மருத்துவமனையில் 2016 முதல் டிலைவ் என்ற அமைப்பு இருக்கிறது. சுடப்பட்டு வருகிற இளைஞனின் கட்டிலருகிலேயே போய் உட்கார்ந்து பேசுகிறவர்கள். 2023-இல் நகராட்சி ஷாட்ஸ்டாப்பர்ஸ் என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஊரின் சில பகுதிகளை உள்ளூர் அமைப்புகளிடம் ஒப்படைத்து, மூன்று மாதத்துக்கு 1,75,000 டாலர் கொடுத்து, அந்தப் பகுதியில் துப்பாக்கிச் சூடு ஊரின் மற்ற இடங்களைவிட நன்றாகக் குறைந்தால் அதே அளவு கூடுதல் தொகையும் கொடுக்கும் திட்டம்.

இந்த மாதிரி வேலை செய்கிற ஒருவரை நான் ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர், இளமையில் சிறையில் இருந்தவர். நான் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தபோது கட்டிலைச் சுற்றிப் பையனின் நண்பர்கள் நின்றார்கள், யாரைத் தேட வேண்டும் என்று பேச்சு ஓடியது. இவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சிறுநீர்ப் பையைக் காட்டி, "இதை இன்னொருத்தனுக்கு மாட்டிவிட்டா இவனுக்குக் கழன்றுமா?" என்றார். பிறகு அந்த நண்பர்களில் மூத்தவனை மட்டும் வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தாழ்வாரத்தில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். ஒரு போலீஸ்காரரோ நானோ அதைச் சொல்லியிருந்தால் யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள்.

1974-இல் டெட்ராய்ட்டில் 714 கொலைகள். 2023-இல் 252. 2024-இல் 203, அதுவரை 1965-க்குப் பிறகு அதுதான் மிகக் குறைவு. 1965-இல் ஊரில் இன்றைக்கு இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் மக்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆளுக்கு இத்தனை என்று பார்த்தால் இன்னும் அதிகம்தான். ஆனாலும் குறைந்திருப்பது உண்மை, நான் போகும் தெருக்களில் தெரிகிறது. 2016 இறுதிக்குள் 65,000 எல்இடி தெருவிளக்குகள் போட்டு முடித்தார்கள். பாழடைந்த வீடுகளை ஆயிரக்கணக்கில் இடித்தார்கள். போலீஸ் சம்பளம் உயர்ந்தது, கோவிட் காலத்தில் தேங்கிய வழக்குகள் நகர்ந்தன. இவற்றில் எது எவ்வளவு உதவியது என்று பிரிப்பது கஷ்டம். என் அனுபவத்தில், கூப்பிட்டால் ஆள் வரும் என்ற நம்பிக்கை கொஞ்சம் திரும்பிய தெருக்களில், பூட்டுப் பெட்டியைப் பற்றிப் பேசுவதும் சுலபமாக இருக்கிறது.

இனி நம் குடும்பங்களுக்கு. புறநகரில் இருக்கிறோம், நமக்கு இது இல்லை என்று நினைக்காதீர்கள். 2024 ஜூன் 15-இல் நம்மவர்கள் பலர் வசிக்கும் ராச்செஸ்டர் ஹில்ஸில், குழந்தைகள் தண்ணீரில் விளையாடும் பூங்காவில் ஒருவன் வந்து சுட்டு ஒன்பது பேர் காயமடைந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டும் அதே மாவட்டம்.

விசாவில் இருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். 2022 முதல் அதற்கு 15 வருஷம் வரை சிறை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். அலுவலக நண்பர்கள் சுடும் பயிற்சிக் கூடத்துக்குக் கூட்டிப்போனாலும், அங்கே கையில் எடுத்துச் சுடுவதுகூட இதில் வரலாம். படம் எடுத்துப் போட்டு மாட்டிக்கொண்டால் கிரீன் கார்டு கனவு அங்கேயே முடிந்தது.

குழந்தையை விளையாட அனுப்பும் வீட்டில் "பூட்டாத துப்பாக்கி இருக்கிறதா?" என்று கேளுங்கள். நம்மவர்களுக்கு இது பெரிய கூச்சம். "எங்கள் மகனுக்கு நிலக்கடலை ஒத்துக்காது, நாய்க்குப் பயம், அப்புறம் துப்பாக்கி ஏதாவது இருந்தால் பூட்டியிருக்கிறதா?" என்று மற்றக் கேள்விகளோடு சேர்த்துக் கேட்டுவிட்டால் முடிந்தது. மிச்சிகன்காரர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தமிழ் வீடுகளிலும் கேளுங்கள். குடியுரிமை வாங்கிய பிறகு வாங்கி வைத்திருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், பெட்டியையும் அதே நாளில் வாங்குங்கள். காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். அந்தத் துப்பாக்கி போய்ச் சேரும் இடங்களில் ஒன்று நான் போகும் வீடுகள்.

நம் சமூகத்தில் பேசாத விஷயம் ஒன்று. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல். வேலை போனது, விசா சிக்கல், விவாகரத்து, ஊரில் அப்பா அம்மா இறந்து போக முடியாத துக்கம், இப்படி ஒரு காலம் யாருக்கும் வரலாம். அந்தச் சமயத்தில் வீட்டில் துப்பாக்கி இருந்தால் தயவுசெய்து அதை வெளியேற்றுங்கள். போலீஸிடமோ சில துப்பாக்கிக் கடைகளிடமோ தற்காலிகமாகப் பாதுகாக்க முடியுமா என்று கேட்கலாம், முடியாவிட்டால் நான் மேலே சொன்ன நீதிமன்ற மனு இருக்கிறது. தற்கொலை எண்ணம் வந்தால் உதவிக்கு 988 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

ரத்தம் நிறுத்தும் பயிற்சி ஒன்றை எல்லோரும் எடுங்கள். 2015-இல் தொடங்கிய இயக்கம், பல ஆஸ்பத்திரிகளில் இலவசம், ஒரு மாலை போதும். கையிலோ காலிலோ பீறிட்டால் காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மேல் இல்லாமல், இறுக்குப் பட்டையை ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, நேரத்தை எழுதி வையுங்கள். தொடை இடுக்கிலோ அக்குளிலோ என்றால் சுத்தமான துணியைக் காயத்துக்குள்ளேயே திணித்து, முழு பலத்தோடு அழுத்திக்கொண்டே இருங்கள். கார் விபத்துக்கும் இதேதான்.

2025 ஏப்ரலில் மத்திய நீதித்துறை இந்த மாதிரி வன்முறைத் தடுப்பு வேலைகளுக்குக் கொடுத்துவந்த நிதிகளில் பலவற்றை ஒரே நாளில் நிறுத்தியது, அதில் டெட்ராய்ட் அமைப்புகளும் அடிபட்டன. கோவிட் நிவாரணத்தில் வந்த பணமும் 2026-உடன் தீர்கிறது. கொலைகள் குறைந்துகொண்டு வரும் நேரத்தில் இதைச் செய்வது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. குடியுரிமை பெற்று ஓட்டுப் போடுகிற தமிழர்கள் டிராய், நோவை, கேன்டன், ஃபார்மிங்டன் ஹில்ஸ் என்று இந்த மாநிலத்தில் நிறைய இருக்கிறோம். உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதும்போது துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி உங்கள் கருத்து எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். கூடவே இரண்டு விஷயம் கேளுங்கள். தெருவில் சண்டையை அணைக்கிறவர்களின் சம்பளத்தை மாநில பட்ஜெட்டிலேயே நிரந்தரமாக வையுங்கள். கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டவருக்குக் கட்டித் தருகிற சாய்தளத்தையும் அகலக் கதவையும், குண்டு பட்டவருக்கும் கட்டித் தாருங்கள்.